வீட்டைப் படியெடுத்த பதினொரு நாள்

ஊர் வீட்டை விற்பதென்று முடிவாகிப் பத்திரப்பதிவுக்கு நாள் குறித்தபோது, இடையில் எனக்குப் பதினொரு நாள் கிடைத்தது. 2023 மே மாதம், பள்ளிக்கூட விடுமுறை. நான் திருச்சியில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. வாங்குகிறவர் பழைய வீட்டை இடித்துவிட்டுத்தான் கட்டப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்பா என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "அங்கேருந்து உனக்கு ஏதாச்சும் வேணுமாம்மா? தூணு, கதவு, ஊஞ்சப் பலகை?" வீடே வேண்டும் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அந்தப் பதினொரு நாளில் செய்ததையும், தப்பாகச் செய்து திருத்திக்கொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதே நிலைமையில் இருக்கிற குடும்பங்கள் நிறைய உண்டு. யாருக்காவது உதவினால் சரி.

வீடு மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தது. தாத்தாவின் அப்பா கட்டியது. தெருவிலிருந்து திண்ணை, நடை, நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், ஒரு கூடம், இரண்டு அறை, அடுப்படி, அப்புறம் கொல்லை, கிணறு, மாட்டுக்கொட்டகை. சுண்ணாம்புக் காரை, பனங்கை, நாட்டு ஓடு. அப்பாயி போன பிறகு அங்கே யாரும் தங்கவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது பின்கட்டின் ஓடுகள் மொத்தமாகப் போயின. தார்ப்பாய் போட்டார்கள். அடுத்த மழைக்கு அதுவும் கிழிந்தது. பனங்கை உளுத்து, சுவரில் கரையான் ஏறிவிட்டது. ஐந்து பங்கு உள்ள வீடு. யார் எவ்வளவு போட்டுச் சரிசெய்வது? இதில் யார்மேலும் எனக்கு வருத்தமில்லை.

முதல் நாள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். கைபேசியில் நானூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். ராத்திரி சித்தப்பா வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தபோது ஏமாற்றமாக இருந்தது. விற்பனைக்கு வந்த ஒரு பழைய வீடுதான் அதில் இருந்தது. கூடத்துத் தரையின் குளிர்ச்சியோ, நடையில் நுழைந்ததும் கண் இருட்டி மெல்லத் தெளிகிற அந்த நேரமோ எந்தப் படத்திலும் இல்லை. படம் கண்ணின் உயரத்திலிருந்து எடுக்கப்படுகிறது. நாங்கள் அந்த வீட்டைக் கையாலும் காலாலும் முதுகாலும்தான் தெரிந்துவைத்திருந்தோம். தூணில் சாய்ந்த முதுகு, வாசப்படியில் இடித்துக்கொண்ட கட்டைவிரல், தாழ்ந்த நிலையில் தானாகக் குனியும் கழுத்து.

இப்படி வீட்டையே கலைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டவர்களைப் பற்றி முன்பே கொஞ்சம் படித்திருந்தேன். யாருடைய வேலையையும் நேரில் பார்த்ததில்லை, படங்களில்தான். ஆனாலும் எனக்கு வழிகாட்டியவர்கள் அவர்கள்தான்.

முதலில் தா. சனாதனன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை கற்பிப்பவர், ஓவியர். போரில் வீடிழந்த தமிழர்களையும் முஸ்லிம்களையும் சந்தித்து, விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அவர்கள் கையால் போட்ட கோடுகள், அதைக் கட்டடக்கலை முறையில் திருத்தமாக வரைந்த படம், அவர்கள் சொன்ன கதையிலிருந்து அவரே தீட்டிய ஓவியம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் அடுக்கி 2011இல் ஒரு கலைநூலாகக் கொண்டுவந்தார். அதன் பெயரில் தோம்பு என்ற சொல் வருகிறது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் இலங்கையில் காணி விவரங்களைப் பதிந்துவைத்த ஏடு அது. பத்திரம் தொலைந்து வீடும் இல்லாமல் போனவர்களுக்கு நினைவையே காணிப் பதிவேடாக ஆக்கிக் கொடுத்திருக்கிறார். எங்கள் வீடு போரில் போகவில்லை, பங்கு பிரித்ததில் போகிறது. அந்த இழப்பையும் இதையும் ஒரே தராசில் வைக்க எனக்கு உரிமை கிடையாது. அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியை மட்டும் கடன் வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் சித்தப்பா வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துத் தாளும் பென்சிலும் கொடுத்தேன். அப்பா, சித்தப்பா, இரண்டு அத்தைகள், பெரியப்பா மகன் அண்ணன். "ஊர் வீட்டை வரைங்க" என்றேன். ஒருவரும் வரையவில்லை. "எனக்கு வரைய வராது" என்று தாளைத் தள்ளிவைத்தார்கள். என் கேள்விதான் தப்பு என்று கொஞ்ச நேரத்தில் புரிந்தது. வீடு என்று கேட்டால் யாருக்கும் கை ஓடாது. பெரிய அத்தையிடம், "ராத்திரி எங்க படுப்பீங்க அத்தை?" என்று கேட்டேன். "கூடத்துல, தெக்குப் பக்கமா. ஊஞ்சச் சங்கிலி தலைக்கு நேரா தொங்கும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு கட்டம் போட்டார். கட்டத்துக்குள் பாய். பாய்க்குப் பக்கத்தில் தூண். தூணிலிருந்து முற்றம். ஒரு மணி நேரத்தில் வீடு முழுக்க வந்துவிட்டது. படுத்த இடம், ஒளிந்துகொண்ட இடம், அடி வாங்கிய இடம் என்று ஒரு புள்ளியில் ஆரம்பித்துக் கொடுத்தால் போதும், மிச்சம் தானாக வரும்.

ஐந்து தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவை ஐந்து வீடுகளாக இருந்தன. அப்பாவும் சித்தப்பாவும் திண்ணையை அங்குலம் அங்குலமாக வரைந்திருந்தார்கள். எந்தத் தூணுக்குப் பக்கத்தில் தாத்தா உட்காருவார், வழக்குப் பேச வருகிறவர்கள் எங்கே நிற்பார்கள் என்பது வரைக்கும் இருந்தது. கூடத்துக்குப் பின்னால் ஒரே பெட்டி, அதில் 'சமையல்' என்று எழுதியிருந்தார்கள். அத்தைகளின் படத்தில் திண்ணை வெறும் கோடு. அடுப்படியில் மூன்று அடுப்பு, பக்கத்தில் அம்மி, ஆட்டுக்கல், புகை போகிற ஓட்டுச் சந்து, விலக்கான நாளில் உட்காரவைக்கிற கொல்லைத் தாழ்வாரத்து மூலை என்று எல்லாம் இருந்தன. சின்ன அத்தை வரைந்த முற்றம் வீட்டில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. பத்தொன்பது வயதில் கல்யாணமாகிப் போனவர். அவர் மனதில் இருந்தது ஒரு சிறுபெண் ஓடி விளையாடிய முற்றம், சின்னக் காலுக்கு அது அவ்வளவு தூரம்தான்.

அண்ணன் உடனே திருத்த ஆரம்பித்தான். "அத்தை, பத்தாயம் அந்தப் பக்கம் இல்ல." நான் தடுத்தேன். இது நான் செய்த சில நல்ல காரியங்களில் ஒன்று. நீங்களும் இப்படி வரையச் சொன்னால், ஒருவர் தாளை இன்னொருவர் பார்க்கவிடாதீர்கள். முக்கியமாக, வீட்டை அளந்து முடித்த பிறகு வரையச் சொல்லாதீர்கள். சரியான அளவு கண்ணில் பட்டுவிட்டால் நினைவு தானாகத் தன்னைத் திருத்திக்கொள்ளும். பிறகு பழையது வராது.

அளவெடுத்தது மூன்றாம் நாள். முப்பது மீட்டர் நாடா, ஒரு ஆள் துணை. பழைய வீட்டில் எந்த அறையும் சதுரமாக இருக்காது. நான்கு பக்கம் அளந்தால் மட்டும் போதாது, மூலைக்கு மூலை குறுக்கும் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து வரையும்போது கோடு கூடாது. நான் விட்டுவிட்டு மறுபடி போய் எடுத்தது உயரங்களை. வாசப்படி எத்தனை அங்குலம், முற்றம் எவ்வளவு தாழ்வு, நிலையின் தலைக்கட்டை எந்த உயரத்தில் இருக்கிறது, மாடக்குழி தரையிலிருந்து எவ்வளவு. வீட்டை உடம்பு ஞாபகம் வைத்திருப்பது இந்த உயரங்களில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கொல்லை நிலையின் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்தான். அப்பா ஐந்தடி எட்டு அங்குலம். அறுபது வருஷம் குனிந்தே போயிருக்கிறார்.

அடுத்து படியெடுக்கும் வேலை. இதற்கு வழி காட்டியவர் டோ ஹோ சு. 1962இல் சியோலில் பிறந்தவர். அப்பா பெயர்பெற்ற மை ஓவியர். மரபுக் கொரிய முறையில் கட்டிய வீட்டில் வளர்ந்து, பிறகு அமெரிக்கா போனவர். அந்தச் சியோல் வீட்டை 1999இல் மெல்லிய பட்டுத்துணியில் உண்மை அளவிலேயே தைத்து, கூரையிலிருந்து தொங்கவிட்டார். கதவு, சன்னல் சட்டம் எல்லாம் தையலில் வரும். மடித்து எடுத்துப் போகிற வீடு. பிற்பாடு அதே வீட்டின் மேல் காகிதம் போர்த்தி, பென்சில் கரியால் தேய்த்துத் தேய்த்து முழு வீட்டையும் படியெடுத்தார். நியூயார்க்கில் பல வருஷம் குடியிருந்த வாடகை வீட்டின் உட்புறத்தையும் இப்படியே எடுத்தார், சுவிட்சு, கதவுப் பிடி உட்பட. தேய்ப்பதற்கான 'ரப்பிங்' என்ற ஆங்கிலச் சொல்லையும் அன்பு செய்வதற்கான 'லவிங்' என்ற சொல்லையும் கொரிய எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் வரும் என்று சொல்லி, அந்த வேலைக்கு இரண்டையும் சேர்த்தே பெயர் வைத்திருக்கிறார். சுவரைத் தேய்க்க ஆரம்பித்த முதல் அரை மணி நேரத்தில் அது எனக்குப் புரிந்தது. ஒரு சுவரை அவ்வளவு நேரம், அவ்வளவு பக்கத்தில், கையால் தடவிக்கொண்டே இருப்பதற்கு வேறு காரணம் எதுவும் வாழ்க்கையில் கிடைக்காது.

படியெடுப்பது நமக்குப் புதிதில்லை. கல்வெட்டு மைப்படி எடுப்பதைக் கோயில்களில் பார்த்திருப்பீர்கள். காகிதத்தை நனைத்துக் கல்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மையை ஒற்றுவார்கள். எழுத்து வெள்ளையாக நிற்கும். கல்லூரி நாளில் ஒருமுறை நானும் செய்திருக்கிறேன். அதே முறையை எங்கள் வீட்டுச் சுவரில் செய்து பார்த்ததுதான் நான் செய்த பெரிய தப்பு. ஈரக் காகிதத்தை உரித்தபோது சுண்ணாம்பும் சேர்ந்து உரிந்து வந்தது. கூடத்துச் சுவரில் ஒரு முழ அகலத்துக்குக் காரை போய்விட்டது. அந்த இடத்தில்தான் அப்பாயி பால் கணக்கைக் கரிக்கோடாகப் போட்டு வைத்திருந்தார். பாதிக் கோடுகள் காகிதத்தோடு வந்து உதிர்ந்தன. கல்லுக்குப் பொருந்துவது காரைக்குப் பொருந்தாது. ஈரம் எதுவும் சுண்ணாம்புச் சுவரில் கூடாது. எந்த முறையையும் முதலில் யாருக்கும் பொருட்டில்லாத ஒரு மூலையில் செய்து பார்த்துவிட்டுத்தான் முக்கியமான சுவருக்குப் போக வேண்டும். எனக்கு இது ஒரு நாள் தாமதமாகத் தெரிந்தது.

பிறகு உலர் முறைக்கு வந்தேன். செய்தித்தாள் அச்சடிக்கும் காகிதச் சுருள் கிடைத்தது. மலிவுதான், ஆனால் முனை பட்டதும் கிழிந்தது, தவிர சீக்கிரம் பழுத்துப்போகும். கடைசியில் மல் துணியில் வந்து நின்றேன். சலவை செய்த, கஞ்சியில்லாத மெல்லிய மல். நாற்பது மீட்டருக்கு மேல் வாங்கினேன். தேய்க்கப் பள்ளிப் பிள்ளைகளின் மெழுகுக் கிரேயான். மேல் காகிதத்தை உரித்துவிட்டு, நுனியால் இல்லாமல் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். வெயில் ஏறினால் கிரேயான் கையிலேயே இளகிவிடும். அதனால் காலை ஐந்தரையிலிருந்து பத்து மணி வரைக்கும்தான் வேலை. சுண்ணாம்புச் சுவரில் ஒட்டுநாடா நிற்காது, பொடியோடு வந்துவிடும். இரண்டு பேர் துணியை இழுத்துப் பிடிக்க, ஒருவர் தேய்ப்பதுதான் வழி. தூணுக்கு மட்டும் துணியைச் சுற்றிக் கயிற்றால் கட்டினால் போதும். தேய்த்து முடித்த துணியின்மேல் பழுப்புக் காகிதம் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட வேண்டும். மெழுகு காகிதத்தில் இறங்கிவிடும், நிறம் துணியிலேயே நின்றுவிடும். ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் எந்தச் சுவர், எந்தத் திசை, எது மேல் பக்கம் என்று அப்போதே எழுதிவிடுங்கள். ராத்திரி எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட மூன்று துணிகள் எங்கள் வீட்டில் எந்தச் சுவர் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

துணியில் வந்தவை நான் பார்த்தே இராத விஷயங்கள். தூணில் முதுகு உயரத்தில் மரம் வழவழவென்று தேய்ந்திருந்தது, அங்கே துணியில் எதுவும் விழாமல் வெறுமையாக வந்தது. அறைக் கதவில் தாழ்ப்பாளுக்குக் கீழே அரைவட்டமாகக் கீறல், தாழ்ப்பாள் ஆடி ஆடி விழுந்த தடம். நிலையில் எங்கள் உயரத்தைக் கத்தியால் கீறி வைத்த கோடுகள், மேலே நாலைந்து பூச்சு வண்ணம் அடித்ததில் கண்ணுக்கு மறைந்தவை, கிரேயானுக்கு மறையவில்லை.

அப்போதுதான் கொல்லைப் பக்கம் அவர் வந்தார்.

எங்கள் வயலில் சின்ன வயதிலிருந்து வேலை பார்த்தவர். எழுபதுக்கு மேல் இருக்கும். எங்களைச் சிறு வயதில் அவரைப் பெயர் சொல்லி, ஒருமையில்தான் கூப்பிடப் பழக்கியிருந்தார்கள். அதை எழுதும்போது கூசுகிறது. "வாங்க தாத்தா" என்றேன். கிணற்றுக்கு அந்தப் பக்கமே நின்றார். "எல்லாரையும் ஊட்ட வரையச் சொன்னியாமே பாப்பா" என்றார். அவரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டு நினைவு என்றால் வீட்டுக்காரர்கள் நினைவு என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். இந்த வேலை முழுவதிலும் எனக்கு உறுத்துவது காரை உரிந்ததைவிட இதுதான்.

தாளை நீட்டினேன். வாங்கவில்லை. ஒரு குச்சியை எடுத்துக் களத்து மண்ணில் வரைய ஆரம்பித்தார். தெருவிலிருந்து இல்லை, பின்னால் இருக்கிற வாய்க்கால் கரையிலிருந்து. படல், வைக்கோல் போர், எருக்குழி, கொட்டகை. கொட்டகையில் எந்த முளையில் எந்த மாடு என்று ஒவ்வொன்றாகக் குத்திக் காட்டினார். கிணறு. கிணற்றுக்கு இந்தப் பக்கம் அவர் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிற கல். மூட்டையை இறக்கி வைக்கிற கொல்லைத் திண்ணை. அப்புறம் கொல்லை நிலைக்கு ஒரே கோடு. அதோடு குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"உள்ள தாத்தா?"

"உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். நான், "இப்ப வாங்க, உள்ள வந்து பாருங்க" என்றேன். உளறியிருக்கிறேன். அவர் கூரை இல்லாத பின்கட்டைப் பார்த்தார். "இப்ப உள்ள என்ன இருக்கு?" என்றார். வரவில்லை.

ஆனால் கிளம்பவும் இல்லை. கொட்டகையை ஒட்டிய வெளிச்சுவரைக் காட்டி, "இதுல துணி போட்டியா?" என்று கேட்டார். பூச்சில்லாத வெறும் செங்கல் சுவர். அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. "என் பொஞ்சாதி வறட்டி தட்டுன செவுரு" என்றார். அவர் ஒரு முனையைப் பிடிக்க, அண்ணன் மறுமுனையைப் பிடிக்க, நான் தேய்த்தேன். செங்கல் கோடுகளுக்கு மேல் வட்டம் வட்டமாக எழுந்து வந்தது. வறட்டியை உரித்த பிறகும் சுவரில் தங்கிப்போன விளிம்புகள், வருஷக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தவை. சில வட்டங்களுக்குள் விரல்தடம்கூடத் தெரிந்தது. நாற்பது மீட்டர் துணியில் ஒரு மனுஷியின் கை நேராக விழுந்திருப்பது அந்த ஒரு துணியில்தான். அவர் அந்த வீட்டுக்குள் ஒரு நாளும் வந்ததில்லை.

மறுநாள் அதே சுவரை இன்னொருமுறை படியெடுத்தேன். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. மண்ணில் அவர் போட்ட படத்தை ராத்திரிக்குள் அளந்து தாளுக்கு மாற்றிக்கொண்டேன். வீட்டின் உட்புறம் இருக்க வேண்டிய இடம் அதில் வெறும் தாளாக இருக்கிறது. அப்படியேதான் வைத்திருக்கிறேன். ஐந்து படங்களோடு அது ஆறாவது.

நீங்கள் இந்த வேலையில் இறங்கினால், உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்தவர்கள், பால் ஊற்றியவர், துணி எடுத்துப் போனவர், குடியிருந்து காலி செய்தவர் என்று எல்லோரையும் முதல் நாளே கேளுங்கள். யார் எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்று கேட்டாலே போதும்.

மிச்ச நாட்களில் சின்னச் சின்ன வேலைகள். ஒலிகளைப் பதிவுசெய்தேன். ஊஞ்சல் கொக்கி, கிணற்றுச் சகடை, கதவுக் குடுமி திரும்புகிற சத்தம். ஒவ்வொரு அறையிலும் ஒரு நிமிஷம் பேசாமல் நின்று அந்த அறையின் அமைதியையும் பதிவுசெய்தேன். எல்லா அமைதியும் ஒன்றல்ல. நடையில் தெரு கேட்கும், கூடத்தில் முற்றத்துக் குருவி கேட்கும். பிறகு சொற்கள். ஸரீனா ஹாஷ்மி என்று ஒரு கலைஞர், 1937இல் அலிகாரில் பிறந்தவர், ஊர் ஊராக வாழ்ந்து 2020இல் லண்டனில் இறந்தார். வீடு, வாசல், முற்றம் என்று உருதுச் சொற்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மரச்செதுக்கு அச்சாக 1999இல் 36 அச்சுகள் போட்டார். சில கோடுகள்தான் இருக்கும், கீழே உருதுவில் அந்தச் சொல். அதைப் பார்த்துத்தான் அத்தைகளோடு உட்கார்ந்து எங்கள் வீட்டுச் சொற்களை எழுதினேன். இறவாணம், தாழ்வாரம், பத்தாயம், பரண், மாடக்குழி, குடுமி, உத்திரம், அட்டம், நிலைப்படி. என் மகளுக்கு இதில் இரண்டு சொல்தான் தெரிந்திருந்தது. பொருள் இல்லாத இடத்தில் சொல் எப்படி இருக்கும்? ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் அந்தந்தச் சொல்லைச் சிவப்பு நூலில் தைத்திருக்கிறேன்.

கடைசியாக மாடக்குழி. ரேச்சல் வைட்ரீட் 1993இல் கிழக்கு லண்டனில் இடிபடவிருந்த ஒரு வரிசை வீட்டின் உட்புறத்தில் கான்கிரீட்டைப் பீய்ச்சி, இறுகியதும் வெளிச்சுவர்களை நீக்கிவிட்டார். அறைகளின் வெற்றிடம் திடமாக நின்றது. அதற்கு முன்பே, 1990இல், ஒரே ஒரு அறையைப் பிளாஸ்டரில் வார்த்தபோது கணப்படுப்பின் கரி வார்ப்பில் ஒட்டிவந்தது. லண்டன் வீடு சில வாரம்தான் நின்றது, 1994 ஜனவரி 11இல் அதையும் இடித்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வீட்டை வார்க்கிற சக்தி ஏது? விளக்கு வைக்கிற மாடக்குழி ஒன்று போதும் என்று நினைத்தேன். வாய்ப்பக்கம் பலகை அடைத்து, மேலே ஒரு இடுக்கு விட்டு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றினேன். எண்ணெய் தடவவில்லை, தடவினால் கரி ஒட்டாது. தடவாவிட்டால் வார்ப்பை வெளியே இழுக்க முடியாது. ஆனால் எப்படியும் இடிக்கப்போகிற சுவர் தானே. கொத்தனார் ஒருவர் சுற்றியிருந்த செங்கல்லைப் பொறுமையாக ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார். உள்ளே இருந்து கையளவு ஒரு வெள்ளைக் கோபுரம் போல வந்தது, உச்சியில் மட்டும் கறுப்பு. மூன்று தலைமுறை விளக்குப் புகை. பிளாஸ்டர் இறுகும்போது நன்றாகச் சுடும், வெறுங்கையால் அழுத்திப் பிடிக்காதீர்கள்.

வீடு ஜூன் மாதம் இடிபட்டது. நான் போகவில்லை. ஆகஸ்டில் சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில் கொடிக்கயிறு கட்டி, துணிகளை உண்மையான தூரத்தில், உண்மையான உயரத்தில் தொங்கவிட்டேன். மாடி போதவில்லை, திண்ணையும் ஒரு அறையும் விடுபட்டன. முற்றம் இருந்த இடத்தைக் காலியாக விட்டேன். காற்று அடித்தபோது சுவர்கள் உள்ளே வந்து வெளியே போயின. அத்தைகள் அடுப்படித் துணிக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள், எழுந்திருக்கவே இல்லை. அப்பா கூடத்திலிருந்து பின்பக்கம் போனார். கொல்லை நிலையைத் துணியில் எடுத்தபோது மேலே தலைக்கட்டை வரவில்லை, பக்கச் சட்டங்கள் மட்டும்தான். மேலே வெறும் ஆகாயம். அந்த இடம் வந்ததும் அப்பா குனிந்தார். குனிந்து போய், அந்தப் பக்கம் நிமிர்ந்து, கொஞ்ச நேரம் திரும்பாமலே நின்றார்.

துணிகளை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று கேட்கிறார்கள். மடிக்காதீர்கள், மடிப்பில் நிறம் உடையும். பழைய பி.வி.சி. குழாயின்மேல் வெள்ளைத் துணி சுற்றி, அதன்மேல் சுருட்டி, நூலால் கட்டி வையுங்கள். பாலித்தீன் உறை வேண்டாம், வேர்த்துப் பூஞ்சை வரும். வேப்பிலையை உலர்த்திப் பொட்டலமாகக் கட்டிப் பக்கத்தில் வைக்கலாம், துணிமேல் நேராகப் படக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிழலில் விரித்து ஆறவிட வேண்டும்.

மாடியில் கட்டிய அன்றைக்குத் தாத்தாவையும் கூப்பிட்டிருந்தேன். வரவில்லை. சாயங்காலம் நானே அவர் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மகள்தான் இருந்தார். விரித்துக் காட்டினேன். வட்டங்களைப் பார்த்ததும் அவருக்கு என்னவென்று தெரிந்துவிட்டது, நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டிலில் அகலமாகப் போட்டு, ஓரத்தைச் சரிசெய்து, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "இதத் தொவைக்கலாமாக்கா?" என்று கேட்டார்.

"வெறும் தண்ணில அலசலாம்மா. சோப்பு வேண்டாம். நிழல்ல காயப் போடு" என்றேன்.